துவைக்காத சட்டை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாண்டு எழுதுகிறேன். இங்கே நான் சுகம், இருமல் மட்டும் விட்டபாடில்லை. உங்கள் முழங்கை வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தனியாகத் தூக்காதீர்கள் என்று போன தடவையே எழுதினேன். கேட்டிருக்க மாட்டீர்கள். போனில் பேசினால் அழுகை வருகிறது, கடிதம் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதலாம் என்று நீங்கள் சொன்னதால்தான் இந்தக் காலத்திலும் தபால்பெட்டியைத் தேடி அலைகிறேன்.

ஒரு சேதி. எங்கள் அருங்காட்சியகத்தில் காகித ஆலைக்கென்று ஓர் அறை வரப்போகிறது. முன்பெல்லாம் ஓர் இயந்திரத்தையும் முதலாளி படத்தையும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். இந்த முறை, கொதிகலன் வெடித்ததில் ஆளை இழந்த குடும்பங்களே எதை வைப்பது, எப்படி வைப்பது, பக்கத்தில் என்ன எழுதுவது என்று முடிவு செய்வார்கள். கூட இருந்து செய்து கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை. அதில் என் பங்கு, குடும்பங்கள் சொல்வதை இங்கே உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்வது. நான் வேலைக்குச் சேர்ந்து எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு இது.

அடுத்த வாரம் உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் முதல் கூட்டம். அண்ணன் அந்த விபத்தில் போனவர் என்பதால் நான் கூட்டத்துக்கு வரக் கூடாதாம், ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேனாம். நீங்கள் போங்கள். அண்ணனுடையது ஏதாவது ஒன்று அந்த அறையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

என் மருமகளுக்கு அத்தையின் முத்தம்.

உங்கள் வாண்டு

ஜனவரி 24

வாண்டுக்கு,

அண்ணியின் ஆசி. முழங்கை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் துணைக்கு இருக்கிறது. நீ முதலில் அந்த இருமலுக்கு டாக்டரைப் பார். அங்கே தூசியைத் தின்றுகொண்டே இருந்தால் ஒருநாள் உன்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

கூட்டத்துக்குப் போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு வண்ணச் சீட்டைக் கொடுத்து, மனதில் இருப்பதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஆலையின் பழைய மேஸ்திரி, "மனசுல இருக்கறத எழுதினா இந்தச் சுவரு தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டு வெறும் சீட்டை ஒட்டினார். எல்லோரும் சிரித்தோம். உங்கள் இயக்குநர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்கிறார்.

உன் அண்ணன் பொருள் என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிற சட்டை. அன்றைக்குக் காலையில் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போனது. ஆலை உடுப்புக்கு மாறும்போது கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார், அதனால் சட்டை மட்டும் தப்பித்தது. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற நான் சோப்பைக் காட்டாமல் வைத்திருக்கும் ஒரே துணி அது. உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. அதில் அவர் வாசனை இருக்கிறது. வியர்வை, இயந்திர எண்ணெய், கழுத்துப் பட்டியில் அந்த மலிவுப் பவுடர். தீர்ந்துபோகும் என்று பயந்து எப்போதாவதுதான் திறப்பேன். பாப்பாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை. அவர் போனபோது அவள் கைக்குழந்தை. கொஞ்சம் விவரம் தெரியட்டும், உன் அப்பா எப்படி இருப்பார் என்று அதில் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்போது டின் துருப்பிடித்துவிட்டது. போன மாதம் திறந்தபோது உள்ளே ஒரு பூச்சி ஓடியது. சட்டையை எடுத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். உங்கள் இயக்குநர், "எந்தப் பொருளையும் அப்படியே பாதுகாப்போம்" என்று சொன்னார். அப்படியே என்றால் வாசனையும் சேர்த்தா? கேட்டு எழுது.

அண்ணி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? நான் மருந்து வாங்கிவிட்டேன், திட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்து அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி தன் கைக்குட்டையைக் கொடுத்தார். இங்கே பொருள்கள் கெட்டுப்போகாமல் காக்கும் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் கேட்டேன். எத்தனையோ தலைமுறைக்கு முந்திய துணிகளை எடுத்துக் காட்டினார், ஒரு நூல் பிரியவில்லை. பூச்சி, துரு, ஈரம் எதுவும் கிட்டே வராது. அப்படியே இருக்கும் அண்ணி. அதற்கு நான் பொறுப்பு.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் பொருளுக்கு ஒரு நிபந்தனை சொல்லலாம். சொன்ன வார்த்தையை மாற்றாமல் ஒப்பந்தத்தில் எழுதி இயக்குநர் கையெழுத்துப் போடுவார். பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு. நீங்கள் நினைப்பதை அங்கே சொல்லிவிடுங்கள்.

வாண்டு

பிப்ரவரி 27

வாண்டுக்கு,

நலமாக இரு. இங்கே பாப்பாவுக்கு லேசாகச் சளி, மற்றபடி குறையில்லை.

சட்டையைக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை முகர்ந்தேன். பாப்பாவைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அவளுக்குத்தான் சளியாயிற்றே, மூக்கு அடைத்திருக்கிற நேரத்தில் எதற்கு வீணாக்குவது என்று விட்டுவிட்டேன். திறப்பு விழாவுக்கு அழைத்து வருவேன் அல்லவா, அங்கே காட்டிக்கொள்ளலாம்.

நிபந்தனை கேட்டார்கள். வட்டத்தில் மேஸ்திரி இருக்கிறார், பாதிப்பேர் ஆண்கள், மைக்கை வேறு கையில் கொடுத்துவிட்டார்கள். புருஷன் வியர்வை வாசனை வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? "சட்டையத் துவைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். மேஸ்திரி, "ஊரெல்லாம் துவைக்கிறவங்க சொல்ற பேச்சா இது" என்றார். கொல்லென்று ஒரு சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

மீதியைத்தான் உனக்கு எழுதிவிட்டேனே. நீ அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. அதுதானே உன் வேலை.

அண்ணி

மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். பாப்பாவின் சளி விட்டதா? எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை.

அறைக்கு வெள்ளை வேண்டாம், ஆலைச் சுவரின் மங்கல் பச்சைதான் வேண்டும் என்று குடும்பங்கள் சொன்னார்களே, அதே பச்சையைத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறார்கள். முதலாளி படம் கிடையாது. எழுத்துகள் பெரிதாக இருக்கும், கண்ணாடி போடாமல் மேஸ்திரி படிக்கலாம். அண்ணன் சட்டை அறையின் நடுவில் வருகிறது. வெளிச்சம் நேராக விழாதபடி விளக்கை மாற்றச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் என்ன எழுதலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சட்டை பத்திரமாக இருக்கிறது.

வாண்டு

ஏப்ரல் 8

வாண்டுக்கு,

நாங்கள் நலம். பச்சை, விளக்கு, எழுத்து எல்லாம் சரி. வாசனையைப் பற்றிச் சொன்னாயா? என்ன சொன்னார்கள்? அதை எழுதவில்லையே.

பக்கத்தில் இப்படி எழுதச் சொல்: 'வேலைக்குப் போகும்போது போட்டிருந்தது. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்வதற்காக மாட்டி வைத்தது.' இதற்கு மேல் வேண்டாம். தியாகம், சுடர், அந்த மாதிரி எதையும் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது வீட்டு அம்மா அந்த விபத்தில் போன மகனுடைய தலையணை உறையை வைத்திருக்கிறாள். என்னைப்போல அவளும் துவைக்கவில்லை. எனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். "நீ சொன்னா குடுத்துடறேம்மா" என்கிறாள். அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதற்காகவாவது சீக்கிரம் எழுது.

அண்ணி

மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கை வலி தேவலையா? வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நீங்கள் எழுதிய இரண்டு வரியை இயக்குநர் கூட்டத்தில் படித்துக் காட்டினார். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். சட்டைக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. காற்றுப் புகாது. மடிப்பு விழாமல் இருக்கத் தோளிலும் கையிலும் மெல்லிய தாள் வைத்திருக்கிறார்கள்.

சட்டையைத் துவைக்கவில்லை அண்ணி. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. நிபந்தனைப்படிதான் எல்லாம் நடக்கிறது. ஜூலையில் திறப்பு விழா, அழைப்பு வரும். மூன்றாவது வீட்டு அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இப்போது பெட்டிகள் காலியில்லை.

வாண்டு

மே 24

வாண்டுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ நலமா என்று உன் கடிதத்தைப் படித்தால் தெரியவில்லை.

நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று எழுதுகிறாய். சின்ன வயதில் பாலைக் கொட்டிவிட்டு, "பூனை வரலைண்ணா" என்று உன் அண்ணனிடம் தானாகப் போய்ச் சொல்வாயாமே, அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். துவைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. மற்றதை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டியை மூடி வைத்திருந்தாலும் குடும்பத்தார் கேட்டால் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இயக்குநருக்குச் சொல்லிவிட்டேன், அவரும் சந்தோஷமாகச் சரி என்றார். பாப்பா இப்போதே பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்க அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.

அண்ணி

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் திரும்ப வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திறப்பு விழாவுக்குப் பாப்பாவை அழைத்து வர வேண்டாமே. கூட்டம் அதிகமாக இருக்கும், பேச்செல்லாம் நீளும், குழந்தைக்குச் சலிப்பாகிவிடும். நீங்கள் மட்டும் ஒருநாள் முன்னதாக வாருங்கள். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். அவளை இன்னொரு தடவை நானே வந்து அழைத்துப் போகிறேன்.

வாண்டு

ஜூலை 20

வாண்டுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். பாப்பா நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அங்கே நீயும் இருந்தாய். ஆனால் வாசல் பக்கம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். எல்லாக் குடும்பங்களும் சுற்றி நிற்க, பெட்டியைத் திறந்தார்கள். பாதுகாப்புப் பிரிவு அம்மா எனக்கும் ஒரு கையுறை கொடுத்தார். வேண்டாம் என்று வெறுங்கையால் வாங்கினேன். குனிந்து முகர்ந்தேன். கழுத்துப் பட்டியைப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன், கைமடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை வாண்டு. கடையில் தொங்குகிற சட்டைகூட ஏதாவது ஒரு வாசனை அடிக்கும். இதில் நீங்கள் உள்ளே வைத்த தாளின் வாசனைதான் இருந்தது.

மறுபடி கழுத்துப் பட்டிக்கே போனேன். அதற்குள் பாப்பா, "அம்மா, நானு" என்று சட்டையை வாங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து, "பேப்பர் வாசனை அடிக்குதும்மா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "அப்பா பேப்பர் மில்லுலதானே வேலை பார்த்தாங்க. அப்ப இதுதானே அப்பா?" என்று கேட்டாள். அவள் முகம் இருந்த இருப்பில் என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "ஆமா கண்ணு" என்றேன்.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உங்கள் இயக்குநர் நிஜமாகவே அழுதார். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சட்டையை என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுது. பூனை வரவில்லை என்று எழுதாதே.

அண்ணி

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

துணி எது வந்தாலும் முதலில் ஒரு பையில் கட்டிப் பெரிய ஃப்ரீசரில் வைப்பார்கள், பூச்சியும் முட்டையும் சாவதற்கு. பிறகு வலை போட்டு இயந்திரத்தால் தூசியை உறிஞ்சுவார்கள். பிறகு காற்றோட்டமான அறையில் வாரக்கணக்கில் விரித்து வைப்பார்கள். சட்டையில் பூச்சி இருந்தது, அதனால் வந்த அன்றே அனுப்பிவிட்டார்கள். சுவரின் நிறம் முதல் விளக்கு வரை குடும்பங்களைக் கேட்டோம். இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இதை ஒரு முடிவு என்றே இங்கே யாரும் நினைப்பதில்லை. பல் தேய்ப்பது மாதிரி இங்கே இது.

எனக்குத் தோன்றியது. அந்த அம்மா பையைக் கட்டும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "துவைக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நாம துவைக்கலையே" என்றார். வாசனை என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்தது. புது வேலை, சொந்தக்காரி என்று சலுகை கேட்கிறாள் என்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். எல்லாம் முடிந்து சட்டையை வெளியே எடுத்த பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் சுவரைப் பற்றி எழுதினேன். பாப்பாவை அழைத்து வர வேண்டாம் என்றதும் அதனால்தான்.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மனமுடைந்துபோனார். இனி எந்தப் பொருளை வாங்கினாலும் கை வைக்கும் முன்பு, இதில் உங்களுக்கு எது போய்விடக் கூடாது என்று குடும்பத்தைத் தனியாக உட்கார்த்திவைத்துக் கேட்பதாக முடிவாகியிருக்கிறது. உங்களால்தான் இந்த மாற்றம் என்கிறார். அடுத்த மாதம் மற்ற அருங்காட்சியகத்துக்காரர்கள் வருகிற கூட்டத்தில் நீங்களே வந்து இதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும் என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். வர மாட்டீர்கள் என்று தெரியும்.

விடுமுறை போட்டுவிட்டு உங்களைப் பார்க்க வரலாமா?

வாண்டு

செப்டம்பர் 5

வாண்டுக்கு,

முழங்கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. சலவைக்கூடத்தில் இலகுவான வேலை கொடுத்திருக்கிறார்கள், தலையணை உறை மடிப்பது.

கூட்டத்துக்கு வரவில்லை. எனக்கு நடந்தது உங்களுக்குப் பாடமானால் படித்துக்கொள்ளுங்கள், நான் வந்து ஒப்பிக்க வேண்டாம். உங்கள் இயக்குநர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் செய்தவர்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. உனக்குத் தெரியும். உன்னிடம்தான் எழுதினேன். அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

மூன்றாவது வீட்டு அம்மாவிடம், உறையைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். பாப்பா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

நான் கேட்டபடி சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரித்ததும் ஊறப் போட்டுத் துவைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், வாளியில் தண்ணீர்கூடப் பிடித்துவிட்டேன். பாப்பா பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அது அவளிடம்தான் இருக்கிறது. படுக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். புது நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் முகர்ந்துவிட்டு, "அம்மா, அப்பா" என்கிறாள். பதினோரு வயதுப் பெண், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். அவர் வாசனை எனக்கே நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. நினைத்துப் பார்க்க முயன்றால் தாள்தான் வருகிறது.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. நீ அவர் தங்கை, உன்னை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. முன்பு போலப் பேச முடியுமா என்று தெரியாது. வாசலில் நீ செருப்பைக் கழற்றும் முன்பே உன் மருமகள் சட்டையோடு ஓடி வருவாள். வருகிறவர் எல்லோரிடமும் நீட்டுகிறாள், உன்னிடமும் நீட்டுவாள். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர், அவர் வாசனை என்னைவிட முன்பே உனக்குத் தெரியும் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீ சொல்லப் போவதைத்தான் அவள் நம்புவாள். முகர்ந்து பார்த்துவிட்டு, தரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

அண்ணி